வீட்டுக் கடிதமும் முகாம் ரொட்டியும்: உள்நாட்டுப் போரில் மனவுறுதி நிற்பதும் விழுவதும்

கட்டாய இராணுவப் பயிற்சியான தேசிய சேவையை முடித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கத் தொடங்கியிருக்கும் ஒரு தம்பியின் கேள்வி இது: "அமெரிக்க உள்நாட்டுப் போரில் தெற்கு மாநிலங்கள் தோற்றது படைவீரர்களின் மனவுறுதி குலைந்ததாலா, மக்கள் ஆதரவு போனதாலா? எது முதலில் போனது? அதைக் கட்டுரையில் எதை வைத்துக் காட்டுவது?"

தம்பி, உள்நாட்டுப் போர் என்றதும் நம்மில் பலருக்கு ஈழம்தான் நினைவுக்கு வரும். அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை, ஆவணங்களும் முழுதாக வெளிவரவில்லை. அமெரிக்கப் போரின் காகிதங்களோ ஏறக்குறைய எல்லாமே திறந்து கிடக்கின்றன. இரு பக்கத்துப் படைகளின் உத்தரவுகளையும் கடிதங்களையும் அறிக்கைகளையும் அமெரிக்க அரசே 1880 முதல் 1901 வரை 128 புத்தகங்களாக அச்சிட்டது. ஆகவே நீங்கள் கேட்ட போரிலேயே நின்று பேசுகிறேன்.

"எது முதலில்" என்று தேடினால் வழி தவறிவிடும். வெளிநாட்டுக்குப் போய்ச் சண்டையிடும் சிப்பாய்க்கும் அவன் வீட்டுக்கும் நடுவில் கடல் இருக்கும், வேற்று மொழி இருக்கும். உள்நாட்டுப் போரில் இரண்டும் இல்லை. 1865 தொடக்கத்தில் வர்ஜீனியாவின் பீட்டர்ஸ்பர்க் பதுங்குகுழியில் கிடந்த ஒரு வட கரோலினாக்காரன் இரவில் எழுந்து தெற்கே நடந்தால் சில நாளில் தன் மாநில எல்லைக்குள் இருப்பான். வழியில் எதிர்ப்படுபவர் எல்லாம் அவன் மொழிக்காரர். எதிர்த்திசையில் சில நூறு மீட்டர் நடந்தாலோ எதிரி, அவனும் அதே மொழிதான் பேசினான். 1864 ஆகஸ்ட் இறுதியில் வடக்கின் தளபதி கிராண்ட் ஓர் உத்தரவு போட்டார்: தெற்குப் படையை விட்டு வருபவருக்குச் சாப்பாடு உண்டு, வடமாநிலம் எதற்கும் இலவசப் பயணம் உண்டு, வேண்டுமென்றால் கூலிவேலை உண்டு, மறுபடி துப்பாக்கி தூக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த மாட்டோம். முன்னால் இப்படி ஒரு கதவு, பின்னால் வீட்டுக் கதவு. இரண்டும் திறந்திருக்க, ஒருவன் குழியிலேயே கிடக்கிறான் என்றால் அவனைப் பிடித்து வைத்திருப்பது எது? அந்தக் கேள்விதான் உங்கள் கட்டுரைக்கு நல்ல வாசல். முகாமும் வீடும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகள். ஒன்றை இழுத்தால் மற்றது அசையும்.

முதலில் ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். உற்சாகம் வேறு, உறுதி வேறு. உற்சாகம் மழை பெய்தால் இறங்கும், சம்பளம் வந்தால் ஏறும். வெள்ளிக்கிழமை மாலை புக் அவுட் (முகாமை விட்டு வீட்டுக்குப் போகும் அனுமதி) ரத்தானால் முகாமே எப்படி முகம் தொங்கிப்போகும் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் அதற்காக யாரும் வேலி தாண்டுவதில்லை. உறுதி என்பது, எவ்வளவு புலம்பினாலும் நாளைக் காலை வரிசையில் நிற்பது. சிப்பாய்களின் கடிதங்களில் புலம்பலைப் பொறுக்கி எடுத்து "மனவுறுதி குலைந்தது" என்று எழுதுவது மாணவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. எல்லாச் சிப்பாயும் புலம்புவான். புலம்பிய பிறகு என்ன செய்தான் என்று பாருங்கள்.

குலைந்த ஒரு படையை மறுபடி எழுப்பியதற்கு மிகத் தெளிவான உதாரணம் வடக்கின் போட்டோமேக் படை. 1862 டிசம்பர் 13 அன்று ஃபிரெட்ரிக்ஸ்பர்க்கில் ஒரு கல்சுவரை நோக்கி அலை அலையாக அனுப்பப்பட்டு, வடக்கு இறந்தவர், காயப்பட்டவர், காணாமற்போனவர் என ஏறக்குறைய 12,600 பேரை இழந்தது. ஜனவரி மூன்றாம் வாரத்தில் தளபதி பர்ன்சைட் மறுபடி ஆற்றைக் கடக்கப் பார்த்தார். மழையில் பீரங்கிகள் அச்சு வரை சேற்றில் புதைந்து, படை அவமானத்தோடு திரும்பியது. சிலருக்கு ஆறு மாதச் சம்பளம் பாக்கி. கிடங்கில் காய்கறி இருந்தும் முகாமுக்கு வராததால் ஸ்கர்வி நோய் தலைகாட்டியது. ஜனவரி 26 அன்று பொறுப்பேற்ற ஜோசப் ஹூக்கர் கணக்கெடுத்தபோது பதிவேட்டில் இருந்தவர்களில் சுமார் 85,000 பேர் முகாமில் இல்லை. நாளுக்கு ஏறக்குறைய 200 பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள் என்று பின்னர் அவர் நாடாளுமன்றக் குழு முன் சொன்னார். அதோடு அவர் சொன்ன இன்னொரு விஷயத்தை நீங்கள் கட்டாயம் எடுத்தாள வேண்டும்: ரயிலில் வந்த பார்சல்கள் நிறையச் சாதாரண உடுப்புகள் இருந்தன. வீட்டிலிருந்து உறவினர்கள் அனுப்பியவை. சீருடையைக் கழற்றிவிட்டு வந்துவிடு என்று அம்மாவும் மனைவியும் சட்டை அனுப்பினார்கள். மக்கள் ஆதரவு என்ற பெரிய சொல் தரையில் இறங்கி நடந்தால் அந்தப் பார்சல் மாதிரிதான் இருக்கும்.

ஹூக்கர் என்ன செய்தார்? மேடையேறிப் பேசி ஒன்றும் ஆகவில்லை. பிப்ரவரியில் வந்த உத்தரவைப் பாருங்கள். வாரத்துக்கு நான்கு முறையாவது புது ரொட்டி அல்லது மாவு. முடிந்தால் இரண்டு முறை உருளைக்கிழங்கு அல்லது வெங்காயம். ஒரு முறை உலர்த்திய காய்கறி. இதுவரை எந்தத் தளபதியும் எழுதக்கூடியதுதான். அடுத்த வரியில்தான் சூட்சுமம். இவற்றைக் கொடுக்காத உணவு அதிகாரி, "கிடங்கில் சரக்கு இல்லை" என்று கிடங்குப் பொறுப்பாளரிடமிருந்து எழுத்தில் வாங்கிக் காட்ட வேண்டும். சரக்கு கிடங்கில் இருக்கும், யாரோ நடுவில் விற்றிருப்பார், அல்லது சோம்பலில் கொண்டுவந்திருக்க மாட்டார். அந்த ஒரு காகிதம் கேட்டதும் ரொட்டி வர ஆரம்பித்தது. முகாம்களில் ரொட்டி அடுப்புகள் கட்டினார்கள். அதுவரை சிப்பாய் தின்றது கல் மாதிரியான கெட்டி பிஸ்கட். துப்பாக்கிக் கட்டையால் உடைத்துக் காப்பியில் ஊறவைத்தால்தான் பல் இறங்கும், புழு மேலே மிதக்கும், அதை வழித்துவிட்டுக் குடிப்பார்கள். அதற்கு நடுவே சூடான ரொட்டியும் வெங்காயமும் வந்தால் ஸ்கர்வி போகும். அதைவிட முக்கியம், மேலே இருப்பவர் நம்மைக் கவனிக்கிறார் என்ற எண்ணம் வரும்.

விடுப்பையும் அதே கணக்கோடு செய்தார். ஒரு ரெஜிமென்டில் கடமையில் இருக்கும் ஒவ்வொரு 100 பேருக்கும் ஒரே நேரத்தில் 2 பேருக்கு, பொதுவாக 10 நாள். போனவர் திரும்பினால்தான் அடுத்தவர் போகலாம். ஆக, விடுப்பில் போனவன் திரும்பாவிட்டால் அவன் ஏமாற்றுவது தளபதியை இல்லை, அடுத்த கூடாரத்து நண்பனை. பரிசோதனையில் மோசமாகத் தேறிய ரெஜிமென்டுகளுக்கு விடுப்பு நிறுத்தம். ஓடுவதைத் தடுக்க ஆயிரம் காவலர் செய்ய முடியாததை இந்த ஒரு விதி செய்தது. வீட்டுக்குப் போகச் சட்டப்படி ஒரு வழி இருக்கிறது, வரிசையும் நியாயமாக நகர்கிறது என்றால் பெரும்பாலோர் காத்திருப்பார்கள். இதோடு மார்ச் 10 அன்று அதிபர் லிங்கன், படையை விட்டு ஓடியவர்கள் ஏப்ரல் 1க்குள் திரும்பினால் மன்னிப்பு என்று அறிவித்தார். பாக்கிச் சம்பளம் வந்தது. மருத்துவப் பொறுப்பாளர் ஜொனதன் லெட்டர்மன் முகாம்களின் சுகாதாரத்தையும் மருத்துவமனைகளையும் ஒழுங்குபடுத்தினார்.

மார்ச் 21 அன்று தொப்பிச் சின்னங்கள் வந்தன. முதல் கோருக்கு (கோர் என்பது பல டிவிஷன்கள் சேர்ந்த பெரும்பிரிவு) வட்டம், இரண்டாவதுக்கு மூவிலை, மூன்றாவதுக்குச் சாய்சதுரம், பதினோராவதுக்குப் பிறை, பன்னிரண்டாவதுக்கு நட்சத்திரம். ஒவ்வொன்றிலும் முதல் டிவிஷனுக்குச் சிவப்பு, இரண்டாவதுக்கு வெள்ளை, மூன்றாவதுக்கு நீலம். நோக்கம் நிர்வாகம்தான்: சாலையில் அலைபவன் எந்தப் பிரிவு என்று ஒரு பார்வையில் தெரிய வேண்டும். ஆனால் சில வாரத்தில் அந்தத் துணித்துண்டு பெருமைக்குரிய பொருளாகிவிட்டது. பெயர் தெரியாத கூட்டத்தில் ஒருவனாக இருப்பவன் எளிதாக ஓடுவான். சிவப்பு மூவிலைக்காரன் என்று எல்லாருக்கும் தெரிந்தவன் யோசிப்பான்.

இதன் விளைவை எப்படி அளப்பது? மே மாதத் தொடக்கத்தில் சான்சலர்ஸ்வில்லில் அதே ஹூக்கர் மோசமாகத் தோற்றார். 17,000 பேர் இழப்பு. ஃபிரெட்ரிக்ஸ்பர்க்கைவிடப் பெரிய அடி. ஆனால் இம்முறை படை கரையவில்லை. இரண்டு மாதத்தில், புதிய தளபதி மீட் பொறுப்பேற்று மூன்றே நாளான நிலையில், கெட்டிஸ்பர்க்கில் ஜூலை 1 முதல் 3 வரை 23,000 பேரை இழந்தும் நின்று வென்றது. தோல்விக்கும் மனவுறுதிக்கும் நேர்க்கோட்டுத் தொடர்பு இல்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல சான்று இந்த ஐந்து மாதம்தான். தோல்வியை ஒரு படை தாங்கும். "நம் உயிரை வீணாக்குகிறார்கள், நமக்குச் சேரவேண்டியதைத் திருடுகிறார்கள்" என்ற எண்ணத்தைத் தாங்காது.

இப்போது தெற்குக்கு வருவோம். அங்கே ஹூக்கர் செய்த மாதிரி ஒரு திருத்தத்தைச் செய்வதற்கான பொருளே இல்லாமல் போனது. போர்ச்செலவில் பாதிக்கு மேல் நோட்டு அச்சடித்தே சமாளித்தார்கள். 1865 தொடக்கத்தில் விலைவாசி போருக்கு முந்தையதைப் போல் 90 மடங்கைத் தாண்டியிருந்தது. சிப்பாயின் சம்பளம் மாதம் 11 டாலர். 1864 ஜூனில்தான் 18 ஆனது, அதுவும் மாதக்கணக்கில் பாக்கி. 1864இல் ரிச்மண்டில் ஒரு பீப்பாய் மாவின் விலை ஒரு சிப்பாயின் ஓராண்டுச் சம்பளத்தைவிட அதிகம். இந்தக் கணக்கை வயலில் நிற்கும் ஒரு பெண்ணின் கண்ணால் பாருங்கள். கணவன் போய்விட்டான், அடிமைகள் இல்லாத சிறு குடும்பம், உழ ஆள் இல்லை. 1863 மார்ச்சில் வந்த சட்டப்படி படை வந்து சந்தை விலையைவிடக் குறைவான அரசு விலையில் சோளத்தையும் பன்றியையும் எடுத்துப் போகும். ஏப்ரலில் வந்த இன்னொரு சட்டப்படி விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு பொருளாகவே வரி. இறைச்சியைப் பதப்படுத்த உப்பு கிடைக்காது, அதனால் பன்றி வெட்டினாலும் கெட்டுப்போகும். அவள் கணவனுக்கு என்ன எழுதுவாள்?

கடிதத்துக்கு முன்பே தெருவுக்கு வந்துவிட்டார்கள். 1863 மார்ச் 18 அன்று வட கரோலினாவின் சாலிஸ்பரியில் சிப்பாய்களின் மனைவிமார் கோடரியோடு கடைகளுக்குப் போனார்கள். அவர்கள் கேட்டது இலவசம் இல்லை. அரசு விலைக்கு மாவு கொடு, எங்களிடம் அந்த விலைக்குத்தானே படை எடுக்கிறது என்றார்கள். இந்தத் தர்க்கம் எவ்வளவு கூர்மையானது பாருங்கள். ஏப்ரல் 2 அன்று தலைநகர் ரிச்மண்டிலேயே பெரிய கலவரம். அதிபர் ஜெபர்சன் டேவிஸ் ஒரு வண்டிமேல் ஏறி, தன் பையில் இருந்த காசைக் கூட்டத்தில் எறிந்து, கலையாவிட்டால் ஐந்து நிமிடத்தில் சுடுவோம் என்றார். செய்தியை வெளியிட வேண்டாம் என்று பத்திரிகைகளை அரசு கேட்டுக்கொண்டது. பத்திரிகையைத் தடுக்கலாம். தபாலை எப்படித் தடுப்பது? இரு பக்கத்துச் சிப்பாய்களிலும் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள்.

1865 பிப்ரவரி 24 அன்று தெற்கின் தளபதி ராபர்ட் லீ வட கரோலினா ஆளுநர் வான்ஸுக்கு எழுதிய கடிதத்தில், மக்களின் சோர்வு படையைக் கெடுக்கிறது, ஓடுகிறவர்கள் பெருகுகிறார்கள், வீட்டாரும் நண்பர்களும் எழுதும் கடிதங்களே இதற்குப் பெரும்பகுதி காரணம் என்று சொல்கிறார். ஆனால் அதற்கு முந்தைய மாதம், ஜனவரி 27 அன்று, போர் அமைச்சருக்கு எழுதியபோது ஒரே கோரில் மூன்று நாளில் 56 பேர் ஓடியதைச் சொல்லி, காரணத்தை விசாரித்ததில் போதாத உணவும் கொடுக்கப்படாத சம்பளமும்தான் எல்லாவற்றையும்விட முக்கியம் என்று எழுதியிருந்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஆளுநரிடம் கேட்கும்போது மக்கள்மேல் பழி, அமைச்சரிடம் கேட்கும்போது அரசுமேல் பழி. யாருக்கு எழுதுகிறார் என்பதைப் பொறுத்துச் சான்று சாய்கிறது. இரண்டுமே உண்மைதான். பசித்த சிப்பாய்க்குப் பசித்த பிள்ளையின் கடிதம் வந்தது.

பசியைவிட ஆழமாக அறுத்தது அநீதி. 1862 ஏப்ரல் 16 அன்று தெற்கு, அமெரிக்க வரலாற்றில் முதல் முறையாக நாடு தழுவிய கட்டாய ஆள்சேர்ப்பைக் கொண்டுவந்தது: 18 முதல் 35 வயது. அதோடு ஓராண்டுக்கென்று கையெழுத்திட்டு வந்தவர்களை, கேட்காமலேயே மூன்றாண்டுக்கு நீட்டியது. அதே அக்டோபரில் 20 அல்லது அதற்கு மேற்பட்ட அடிமைகள் உள்ள தோட்டத்துக்கு ஒரு வெள்ளையருக்கு விலக்கு. இந்த விலக்கால் தப்பியவர் எண்ணிக்கை பெரிதில்லை என்று சிலர் வாதிடுவார்கள். எண்ணிக்கை இங்கே விஷயமே இல்லை. "பணக்காரன் மூட்டிய போர், ஏழை போடும் சண்டை" என்ற பேச்சுக்கு அரசே முத்திரை குத்திக் கொடுத்தது. மிசிசிப்பியின் ஜோன்ஸ் கவுண்டியில் நியூட்டன் நைட் தலைமையில் ஓடிவந்த சிப்பாய்கள் சதுப்புக் காட்டில் ஆயுதத்தோடு அரசை எதிர்த்தார்கள். வட கரோலினாவின் ராண்டால்ஃப் வட்டாரத்தில் ஓடியவர்களைப் பிடிக்கத் தனிப்படை அனுப்ப வேண்டியிருந்தது. 1864 செப்டம்பரில் மேக்கனில் பேசிய டேவிஸ், நம் ஆட்களில் மூன்றில் இரண்டு பங்கு படையில் இல்லை, அவர்களில் பெரும்பாலோர் அனுமதியின்றிப் போனவர்கள் என்று மேடையிலேயே சொன்னார். அதிபரே அப்படிச் சொன்னால் கேட்பவன் என்ன நினைப்பான்? மிச்சமிருக்கும் மூன்றில் ஒரு பங்கில் நான் மட்டும் ஏன் முட்டாளாக நிற்க வேண்டும் என்றுதான்.

இந்த இடத்தில் பல கட்டுரைகள் பெரிய தவறு செய்கின்றன. "தெற்கு மக்கள்" என்று எழுதிவிட்டு வெள்ளையரை மட்டும் எண்ணுகிறார்கள். தெற்குக் கூட்டமைப்பின் சுமார் 90 லட்சம் மக்களில் 35 லட்சம் பேர் அடிமைகள். அந்த 35 லட்சம் பேரின் ஆதரவு இந்தப் போருக்கு ஒரு நாளும் இருந்ததில்லை. வடக்குப் படை நெருங்கியபோதெல்லாம் குடும்பம் குடும்பமாக வடக்குப் பக்கம் நடந்தார்கள். நடந்த ஒவ்வொருவரும் தெற்கின் வயலில் ஒரு கை குறைவு. வடக்குப் படையில் சுமார் 1,80,000 கறுப்பினத்தவர் சேர்ந்தார்கள். போதாக்குறைக்கு, தெற்கு மாநில வெள்ளையர்களிலும் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வடக்குக்காகப் போரிட்டார்கள். ஆக "ஆதரவு சரிந்தது" என்பதற்கு முன்னால், தொடக்கத்திலேயே அது எவ்வளவு குறுகலான அடித்தளம் என்று எழுதுங்கள்.

அந்தக் கறுப்பினப் படைகள் மனவுறுதியைப் பற்றி இன்னொரு பாடமும் தருகின்றன. வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். இவர்களுக்கு 10, அதிலும் உடைக்கென்று 3 பிடித்தம், கையில் 7. மாசச்சூசெட்ஸின் 54ஆம், 55ஆம் ரெஜிமென்டுகள் குறைந்த சம்பளத்தைத் தொடவே மறுத்தன. காசு வாங்காமல் மாதக்கணக்கில் சண்டையிட்டன. இதே காரணத்துக்காக ஆயுதத்தைக் கீழே வைக்கச் சொன்ன சார்ஜென்ட் வில்லியம் வாக்கரை 1864 பிப்ரவரியில் சுட்டுக் கொன்றது சொந்தப் படையே. அந்த ஜூனில் நாடாளுமன்றம் சம்பளத்தைச் சமமாக்கியது. இவர்கள் எதற்காக நிற்கிறோம் என்று தெளிவாகத் தெரிந்தவர்கள். பிடிபட்டால் கைதியாக்காமல் கொல்லப்படலாம் என்றும் தெரிந்தவர்கள். அப்படியிருந்தும் அவமதிப்பை மட்டும் விழுங்கவில்லை.

வடக்கு நியாயமாக நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். 1863 மார்ச் 3 அன்று வந்த, சீட்டுக் குலுக்கி ஆளெடுக்கும் சட்டத்தில் 300 டாலர் கட்டினால் அந்தச் சீட்டிலிருந்து விலக்கு, அல்லது பதிலாள் வைக்கலாம். 300 டாலர் ஒரு கூலித்தொழிலாளியின் கிட்டத்தட்ட ஓராண்டு வருமானம். ஜூலை 13 அன்று நியூயார்க் எரிந்தது. கறுப்பின அனாதைக் குழந்தைகள் விடுதியைக் கூடக் கொளுத்தினார்கள், தெருவில் கறுப்பினத்தவரைத் தூக்கிலிட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். ஆக மொத்தம் நான்கு சுற்றில் அழைக்கப்பட்ட ஏழே முக்கால் லட்சம் பேரில் நேரடியாகப் படையில் நின்றவர் சுமார் 46,000 பேர்தான். சீட்டு விழும் என்ற பயத்தில் ஊர்கள் பணம் திரட்டித் தொண்டர்களைப் பிடித்ததுதான் சட்டத்தின் உண்மையான பயன். அந்தச் சேர்ப்புத்தொகையே புதிய நோயைக் கொண்டுவந்தது: ஓர் ஊரில் காசு வாங்கிச் சேர்ந்து, ஓடி, வேறு பெயரில் அடுத்த ஊரில் சேர்வதையே தொழிலாக வைத்துக்கொண்டவர்கள்.

அதனால்தான் எண்களில் கவனம் வேண்டும் என்கிறேன். படையை விட்டு ஓடியவர் வடக்கில் சுமார் 2,00,000, தெற்கில் சுமார் 1,04,000 என்று அரசுக் கணக்கு. இதைப் பார்த்து "வடக்கின் மனவுறுதிதான் மோசம்" என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும். வடக்கின் படையே தெற்கைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். அதில் ஒரே ஆள் மூன்று பெயரில் மூன்று முறை எண்ணப்பட்டிருப்பான். காயத்தோடு வேறு மருத்துவமனையில் கிடந்தவனும் "காணோம்" என்று பதிவாகியிருப்பான். தெற்கில் அறுவடைக்குப் போய்விட்டு இரண்டு மாதத்தில் தானே திரும்பியவர் ஏராளம், தெற்கின் ஆவணங்களில் கடைசி மாதங்களுடையவை நிறையத் தொலைந்தும் போயின. மொத்த எண்ணை விட்டுவிட்டு எந்த மாதம், எந்தப் படைப்பிரிவு, எந்த ஊர்க்காரர் என்று பிரித்துப் பாருங்கள். 1864 இறுதியில் வடக்கின் தளபதி ஷெர்மன் ஜார்ஜியாவை எரித்துக்கொண்டு நடந்தபோதும், அடுத்து கரோலினாக்களுக்குள் நுழைந்தபோதும், தொலைவில் வர்ஜீனியாவில் நின்ற அந்த மாநிலக்காரர்கள்தான் காலியானார்கள். ஷெர்மன் அவர்கள்மேல் ஒரு குண்டும் சுடவில்லை. அவர்கள் வீட்டு வழியாகப் போனார், அவ்வளவுதான்.

உறுதியை அளக்க எனக்குப் பிடித்த சான்று மறுபதிவு. 1861இல் மூன்றாண்டுக்குச் சேர்ந்த வடக்குச் சிப்பாய்களின் காலம் 1864இல் முடிய இருந்தது. தெற்கைப் போலச் சட்டம் போட்டுப் பிடித்து வைக்காமல், கேட்டார்கள். மறுபடி சேர்ந்தால் மத்திய அரசின் 400 டாலர், குறைந்தது 30 நாள் விடுப்பு, போகவர இலவச ரயில், சட்டைக் கையில் தனிப் பட்டை. ஒரு ரெஜிமென்டில் முக்கால்வாசிப் பேர் சேர்ந்தால் அது தன் பெயரையும் கொடியையும் காப்பாற்றிக்கொண்டு சேர்ந்தே ஊருக்குப் போகலாம். கடைசி நிபந்தனை எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருங்கள். நான்காவது ஆள் தயங்கினால் மூன்று நண்பர்கள் அவனோடு பேசுவார்கள். சுமார் 1,36,000 பேர் மறுபடி கையெழுத்திட்டார்கள். மூன்று ஆண்டு போர் பார்த்தவர்கள், போர் என்றால் என்னவென்று தெரிந்தே.

அதே ஆண்டு வடக்கின் மக்கள் ஆதரவு அறுந்துபோகும் நிலைக்கு வந்தது. மே, ஜூனில் கிராண்ட் ஆறேழு வாரத்தில் சுமார் 55,000 பேரை இழந்தார், ரிச்மண்ட் விழவில்லை. ஜூலையில் 100 டாலர் தங்கத்துக்கு 285 டாலர் நோட்டு கொடுக்க வேண்டியிருந்தது. இந்தத் தங்க விலையைக் கட்டுரையில் பயன்படுத்துங்கள், மக்களின் நம்பிக்கைக்கு நாள்தோறும் காய்ச்சல் பார்த்த கருவி அது. ஆகஸ்ட் 23 அன்று லிங்கன், வரும் தேர்தலில் தான் தோற்பது ஏறக்குறைய உறுதி என்று ஒரு தாளில் எழுதி, மடித்து, படிக்கவிடாமல் அமைச்சர்களிடம் கையெழுத்து வாங்கினார். செப்டம்பர் 2 அன்று அட்லாண்டா விழுந்தது. நவம்பர் 8 தேர்தலில் 55 விழுக்காடு லிங்கனுக்கு. தனியாக எண்ணப்பட்ட சிப்பாய் வாக்கில் 78 விழுக்காடு. எதிர்த்து நின்றவர் அதே சிப்பாய்கள் ஒரு காலத்தில் உயிராக நேசித்த தளபதி மெக்லெலன் என்பதை மறக்க வேண்டாம். வீட்டில் இருந்தவர்களைவிடச் சாகப்போகிறவர்கள் உறுதியாக இருந்தார்கள், அந்த உறுதி கடிதங்களாக வீட்டுக்குப் போனது. கயிறு இரு பக்கமும் இழுக்கும் என்றேனே, இதுதான். தெற்கில் வீடு முகாமைக் கீழே இழுத்தது. வடக்கில் அந்தக் கோடையில் முகாம் வீட்டை மேலே இழுத்தது.

கயிற்றை வேண்டுமென்றே அறுத்த உதாரணம் வேண்டுமானால் நம் பக்கத்திலேயே இருக்கிறது. 1948 முதல் 1960 வரையிலான மலாயா அவசரகாலம். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் படைக்கு அரிசியும் மருந்தும் செய்தியும் வந்தது காட்டோரக் குடியிருப்புகளிலிருந்து. 1950இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டம் சுமார் ஐந்து லட்சம் பேரை, பெரும்பாலும் சீனர்களை, முள்வேலி போட்ட புதுக்கிராமங்களுக்கு மாற்றியது. பால்மரத் தோட்டங்களில் நம் மக்கள் இருந்த லயங்களும் பல இடங்களில் வேலிக்குள் நெருக்கப்பட்டன. கடைக்காரர் டின் உணவை விற்கும்போதே ஓட்டை போட்டுக் கொடுக்க வேண்டும், காட்டுக்குக் கொண்டுபோகுமுன் கெட்டுவிடும். சில பகுதிகளில் அரிசியை விற்காமல் பொதுச் சமையலறையில் சோறாகவே கொடுத்தார்கள், அதே காரணம். பிறகு விமானத்தில் ஒலிபெருக்கி வைத்து, சரணடைந்தவர்களின் குரலையே காட்டின்மேல் ஒலிக்கவிட்டார்கள். இராணுவக் கணக்கில் அது வேலை செய்தது. வேலிக்குள் வாழ்ந்தவர்களுக்கு அது என்னவாக இருந்தது என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அந்தக் கணக்கு நேர்மையானது.

உங்கள் கட்டுரைக்கு ஆண்டு வரிசையைவிடச் சம்பவ ஜோடிகள் உதவும். 1862 ஏப்ரலில் தெற்கு கட்டாயமாக நீட்டியதும் 1864இல் வடக்கு கேட்டு வாங்கியதும் ஒரு ஜோடி. ஹூக்கரின் ரொட்டி உத்தரவும் லீயின் ஜனவரிக் கடிதமும் இன்னொன்று: ஒருவரிடம் கிடங்கில் சரக்கு இருந்தது, மற்றவரிடம் காகிதம் மட்டும் இருந்தது. சாலிஸ்பரிப் பெண்களும் நியூயார்க் கூட்டமும் மூன்றாவது. இரண்டும் கலவரம்தான், ஆனால் எதைக் கேட்டார்கள், யாரை அடித்தார்கள் என்று பிரித்துக் காட்டுங்கள்.

முடிவுக்கு அப்போமாட்டக்ஸை எடுங்கள். 1865 ஏப்ரல் 9 அன்று லீ சரணடைந்தபோது கையெழுத்திட்டு விடுவிக்கப்பட்டவர் சுமார் 28,000 பேர். பல நாளாக வறுத்த சோளத்தில் காலம் தள்ளியவர்கள். கிராண்ட் 25,000 பேருக்கான ரேஷனை அனுப்பினார். லீ இன்னொன்றும் கேட்டார்: தெற்கில் குதிரைப்படையினர், பீரங்கிப்படையினரின் குதிரைகள் அவரவர் சொந்தம், கொண்டுபோகலாமா? நிபந்தனையில் அது எழுதப்படவில்லை. கிராண்ட் யோசித்துவிட்டு, இவர்களில் பெரும்பாலோர் சிறு விவசாயிகளாக இருப்பார்கள், இந்தக் குதிரை இல்லாமல் அடுத்த குளிர்காலத்துக்குப் பயிர் வைக்க முடியாது என்று சொல்லி, குதிரையோ கோவேறு கழுதையோ தனது என்று சொல்பவர் யாரானாலும் வீட்டுக்கு ஓட்டிப் போகட்டும் என்று தன் அதிகாரிகளுக்கு உத்தரவிட்டார். ஏப்ரல் மாதம். வர்ஜீனியாவில் உழவுக்கு இன்னும் நேரம் இருந்தது.